பழைய எண் 14, புதிய எண் 31

சென்னையில் ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் உண்டு. பழைய எண் 14, புதிய எண் 31. கூரியர் கொண்டுவரும் பையனுக்கு இது தொல்லை. எனக்கு இதுதான் பல ஆண்டுப் பிழைப்பு.

ஓர் அரசு மருத்துவமனையின் ஓ.பி. பதிவேட்டில் ‘லட்சுமி, வயது 52, பழைய எண் 14’ என்று இருக்கும். ஒரு தனியார் லேபின் பயாப்ஸி அறிக்கையில் ‘எஸ். லக்ஷ்மி, 55, எண் 31’ என்று இருக்கும். இரண்டு வருடம் கழித்து மாநகராட்சியின் இறப்புப் பதிவில் ‘லட்சுமியம்மாள், கணவர் பெயர் சுந்தரம், வயது 60’ என்று வரும். இது ஒரே பெண்ணா, இரண்டு பேரா, மூன்று பேரா? ஒருவர் என்றால் சென்னையின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கணக்கில் ஒன்று ஏறும். கவனிக்காமல் விட்டால் மூன்று ஏறும்.

நான் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் தகவல் சேகரித்து ஓய்வு பெற்றவள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. புள்ளியியலில் ஒரு டிகிரி, தோளில் ஒரு பை, பை நிறையப் படிவம். பக்கத்து வீட்டில் கேட்டால் “ஆஸ்பத்திரியில ஏதோ கணக்கு எழுதுறாங்க” என்பார்கள். தப்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு, ஊர்க் கணக்கு வேறு. ஒரு பெரிய மருத்துவமனை தன்னிடம் வந்த நோயாளிகளை எண்ணினால் அந்த மருத்துவமனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். அவர்களில் பாதிப்பேர் ஆந்திராவிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்தவர்களாக இருக்கலாம். சென்னையில் குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆண்டு புதிதாக நோய் வந்தது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஊருக்கு ஓர் எல்லை போட்டு, அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் அங்கே போய் அவர் பெயரை எடுத்து வர வேண்டும். மக்கள்தொகை சார்ந்த பதிவேடு என்பது இதுதான்.

பம்பாயில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் 1963-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைக் கொண்டுவர, 1982-இல் சென்னையும் பெங்களூரும் சேர்ந்தன. சென்னையில் பொறுப்பேற்றது அடையாறு புற்றுநோய் நிறுவனம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்த இடம். பின்னர் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையிலிருந்து ஒரு பதிவேடு இயங்கத் தொடங்கியது. 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. எல்லை, ஏழு கோடிப் பேர்.

“ஆஸ்பத்திரிக்காரங்களே அனுப்பிட மாட்டாங்களா?” என்று எல்லோரும் கேட்பார்கள். சில நாடுகளில் சட்டப்படி அனுப்பியாக வேண்டும். இங்கே நாங்கள் பழகியது தேடிப் போவதுதான். ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி, எழும்பூர், பிறகு கார்ப்பரேட் மருத்துவமனைகள், தெருமுனை நர்சிங் ஹோம்கள், லேப்கள், ஸ்கேன் சென்டர்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கும் சென்னைக்காரர்கள் போயிருப்பார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் போக வேண்டும், வருடம் முழுக்கப் போக வேண்டும்.

ரெக்கார்டு ரூம்கள் பெரும்பாலும் மருத்துவமனையின் மிக மோசமான அறையில் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே, அல்லது மழைத்தண்ணீர் ஏறும் தரைத்தளத்தில். அங்கே இருக்கும் கிளார்க்தான் எங்களுக்குக் கடவுள். ஓர் அண்ணன் இருந்தார். நான் உள்ளே நுழைந்ததுமே, “வாம்மா, போன மாசக் கட்டு இன்னும் மேலேருந்து இறங்கல. ஆனா ஈ.என்.டி.ல ஒரு நாக்கு கேஸ், நம்ம வியாசர்பாடி ஆளு, உனக்காகத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்” என்பார். கம்ப்யூட்டர் எல்லா இடத்திலும் வந்த பிறகு கேஸ் ஷீட்டைத் தேடுவது சுலபமாகிவிட்டது. இது நம்ம கேஸ் என்று பார்த்ததும் சொல்லும் ஆள் குறைந்துவிட்டார். எனக்கு அது நஷ்டம்தான்.

படிவத்தில் முதலில் வருவது நோய் இல்லை. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, இந்த முகவரியில் எத்தனை காலமாக இருக்கிறார் என்பவைதான். கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஓராண்டாவது எல்லைக்குள் குடியிருந்தால்தான் அவர் எங்கள் கணக்கில் வருவார். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள் தங்கை வீட்டு முகவரியைக் கொடுப்பார்கள். தி.நகரிலோ பெரம்பூரிலோ ஒரு வீடு. காகிதத்தைப் பார்த்தால் அசல் சென்னைக்காரர். “ஊர்ல நெல் அறுப்பு எப்போம்மா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் உண்மை வந்துவிடும். அவரை நாங்கள் சென்னைக் கணக்கில் சேர்க்காமல் அவர் மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும்.

பிறகு பொருத்தம் பார்ப்பது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரிதான் இதுவும். பெயர், வயது, பாலினம், முகவரி, நோய் வந்த உறுப்பு, கணவர் பெயர் என்று வரிசையாக வைத்து எத்தனை பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுவும் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே லட்சுமியை நாலு விதமாக எழுதுவார்கள். வயதோ பெரும்பாலும் ஐந்தின் மடங்காகவே வரும். ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. ஐம்பத்து மூன்று என்று ஒருவர் சொன்னால் அவரிடம் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது என்று அர்த்தம். ஒலியை வைத்துப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித் தர மென்பொருள் இருக்கிறது. கடைசியில் இரண்டும் ஒருவரே என்று முடிவு செய்வது ஒரு மனிதக் கண்.

நோயை எழுதுவதிலும் கண்ணி இருக்கும். ‘கல்லீரலில் புற்று’ என்று கேஸ் ஷீட்டில் இருந்தால் அப்படியே எழுதிவிடக் கூடாது. பெருங்குடலிலோ மார்பகத்திலோ தொடங்கி அங்கே பரவியதாக இருக்கலாம். பரவிய இடத்தை எண்ணக் கூடாது, தொடங்கிய இடத்தைத்தான் எண்ண வேண்டும். அதற்காகப் பழைய பயாப்ஸி அறிக்கையைத் தேடி இன்னொரு மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். அதே சமயம் ஒரே பெண்ணுக்கு முதலில் மார்பகத்திலும் பல ஆண்டு கழித்து அதோடு தொடர்பில்லாமல் வயிற்றிலும் வந்தால் அது இரண்டு புற்றுநோய், ஒரே ஆள். இதையெல்லாம் தீர்த்த பிறகு நோய்க்குறியியல் மருத்துவர் எழுதிய ஆங்கில வாக்கியத்தை எண்ணாக மாற்றுவோம். மார்பகம் என்றால் சி50. கருப்பைவாய் என்றால் சி53. கன்னத்தின் உட்புறம் சி06.0, கன்னமும் ஈறும் சேரும் மடிப்பு சி06.1. வெற்றிலை பாக்குப் புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடம் அந்த மடிப்புதான் என்பதால் அந்த ஒரு புள்ளி எங்களுக்குப் பெரிய விஷயம். திசு எந்த வகை என்பதற்குத் தனி எண். உலகம் முழுக்க இந்த எண்கள் ஒன்றே. வாணியம்பாடியில் எழுதிய எண்ணை ஓஸ்லோவில் இருப்பவர் படித்துக்கொள்ளலாம்.

உயிரோடு இருப்பவர்களை மட்டும் தேடினால் போதாது. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை எடுப்போம். புற்றுநோயால் இறந்தார் என்று எழுதியவற்றை மட்டும் எடுத்தால் ஏமாந்துவிடுவோம். புற்றுநோய் முற்றி வீட்டில் இறந்தவருக்கு ‘மாரடைப்பு’ என்றோ ‘வயோதிகம்’ என்றோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆகவே எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் சரி, எல்லா இறப்பையும் எங்கள் பட்டியலோடு ஒப்பிடுவதுதான் சென்னைப் பழக்கம். அதில் புற்றுநோய் என்று எழுதியும் எங்கள் பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று கிடைத்தால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று பொருள். அந்த வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

வீட்டுக்குப் போவதைப் பற்றிப் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லாதே. “ஆஸ்பத்திரியிலேருந்து வரோம், அம்மா உடம்பு எப்படியிருக்கு?” அவ்வளவுதான். புளியந்தோப்பில் ஒரு வீட்டில் மகன் என்னைத் தெருமுனைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். “அக்கா, அம்மாவுக்கு அல்சர்னுதான் சொல்லியிருக்கோம். நீங்க எதுனா கேட்கணும்னா என்னைக் கேளுங்க.” கேட்டேன். எல்லா விவரமும் சரியாகச் சொன்னான். உள்ளே போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள், “டாக்டரு என்னம்மா சொன்னாரு, புத்துன்னுதானே? இவன் சொல்ல மாட்டேங்குறான்” என்று மெல்லக் கேட்டார். கேஸ் ஷீட்டில் இருப்பது எனக்குத் தெரிந்தாலும் அதை அவரிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. டாக்டரிடமே கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தனையும் முடிந்து ஓர் ஆண்டின் கணக்கை மூட வருடங்கள் ஆகும். 2020-இல் வெளிவந்த தேசிய அறிக்கையில் இருந்தது 2012 முதல் 2016 வரையிலான தரவு. பத்திரிகைக்காரர்கள் கோபப்பட்டார்கள். எனக்குச் சந்தேகம் வருவது சீக்கிரம் மூடிவிட்ட கணக்கின் மேல்தான். இன்னொரு சந்தேகமும் உண்டு. பதிவான நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேருக்குத் திசுப் பரிசோதனையில் உறுதியானது என்று ஒரு அளவு இருக்கிறது. அது நூறைத் தொட்டால் பலரும் பாராட்டுவார்கள். எங்களுக்கு அது அபாய மணி. அந்தப் பதிவேடு லேப்களுக்கு மட்டும் போயிருக்கிறது. ஸ்கேனோடு நின்றுவிட்ட கிழவரையும், ஊசி குத்திப் பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போன பாட்டியையும் அது எண்ணவில்லை.

எண்ணி முடித்தால் பாதி வேலை. வகுக்க வேண்டுமே. ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர் என்று சொன்னால்தான் சென்னையையும் மிசோரமின் ஐஸ்வாலையும் பக்கத்தில் வைக்க முடியும். அதிலும் முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் புற்றுநோய் தானாகவே அதிகமாகத் தெரியும் என்பதால், எல்லா ஊருக்கும் ஒரே வயது அமைப்பு இருந்தால் எவ்வளவு வரும் என்று திருத்திப் போடுவோம். அப்படித் திருத்திய பிறகும் அந்த 2020 அறிக்கையில் ஐஸ்வால் மாவட்ட ஆண்களுக்கு லட்சத்துக்கு 269.4. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்ட ஆண்களுக்கு 39.5. மிசோரமில் புகையிலைப் பழக்கம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் இப்படி ஏழு மடங்கு வித்தியாசத்தைப் பார்த்ததும் என் போன்றவர்கள் முதலில் கேட்பது நோய் எங்கே அதிகம் என்பதை அல்ல. எந்த ஊரில் டாக்டரிடம் போகிறார்கள், போனவர்களில் எத்தனை பேரை ஆள் போய் எழுதி வந்தார்கள் என்பதைத்தான்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது என்று என் மருமகனே கேட்டிருக்கிறான். 1980-களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். அதன் விகிதம் இன்று அன்றிருந்ததில் பாதிக்கும் கீழே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. எந்த ஒரு டாக்டரும் தன் ஓ.பி.யில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்திருக்க முடியாது. அவருக்கு வரிசை என்றும் நீளம்தான்.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது, திண்டுக்கல்லில் நடந்தது. 2000-இல் தொடங்கி அந்த மாவட்டத்தின் 114 பகுதிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதி இடங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் ஒருமுறை பரிசோதனை செய்தார்கள். சமையல் வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது. மறுபாதி இடங்களில் வழக்கமான வைத்தியம் மட்டும். 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பரிசோதித்த இடங்களில் நோய் 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைவு. உலகமே அந்த நர்ஸுகளைப் பாராட்டியது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஏழு ஆண்டுகளில் அந்த ஊர்ப் பெண்களில் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பது எப்படித் தெரிந்தது? அம்பிளிக்கைப் பதிவேட்டின் ஆட்கள் பழனி, நத்தம், வேடசந்தூர் என்று அலைந்ததோடு மதுரை மருத்துவமனைகள் வரை போய் எழுதி வந்ததால். ஒட்டன்சத்திரத்துப் பெண் மதுரையில் இறந்ததை யாரும் எழுதாமல் விட்டிருந்தால் 35 என்ற எண்ணே இல்லை.

பெயர் இல்லாமல் இந்த வேலை ஒரு நாளும் நடக்காது. அதே பெயர் எங்கள் அறையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. பெங்களூரில் தேசியத் திட்டத்தை நடத்தும் மையத்துக்கும், பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்புக்கும் தரவு போகிறது. 1966 முதல் ஐந்து கண்டங்களின் புற்றுநோய் விகிதங்களைத் தொகுத்து வெளியிடும் அவர்கள் நம் விவரங்களைப் பரிசோதித்து, ஆண்டு முரண், உறுப்பு முரண் எல்லாவற்றுக்கும் கேள்வி அனுப்புவார்கள். ஆணுக்குக் கருப்பைவாய் என்று ஓர் எண் தப்பி ஏறியிருந்தால் கேள்வி வரும். அவர்களுக்குப் போவது வயது, பாலினம், தேதி, நோயின் எண். லட்சுமி அதில் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் கேட்டால் எழுத்தில் விண்ணப்பம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகுதான் பட்டியல். அதிலும் பெயரை வெட்டினால் மட்டும் போதாது. ஒரு சிறு வட்டத்தின் பெயரைப் போட்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை, விழித்திரைப் புற்றுநோய், ஒன்று என்று அச்சடித்தால் ஊரே அந்த வீட்டைக் காட்டிவிடும். அந்தக் கட்டத்தை மூடிவிட்டு மாவட்டக் கணக்காகத்தான் தருவோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல்தான் வந்தது. எங்களுக்குப் பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி என்றால், ஒரு நாள் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர், கையில் பழப்பை. சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: “பையனுக்குப் பொண்ணு பாக்குறோம்மா. அந்தப் பொண்ணோட அம்மா மார்ல கட்டி வந்து போனாங்கன்னு சொல்றாங்க. நெசமான்னு மட்டும் பாத்துச் சொல்லு.” பழத்தோடு திருப்பி அனுப்பினேன். என் பின்னால் பூட்டிய அலமாரியில் அந்த அம்மாளின் பெயர் இருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. “எங்க ஊர்ல கேன்சர் அதிகமாயிடுச்சும்மா” என்று மூன்று வருடத்தில் இறந்த ஒன்பது பேரின் பெயரைப் பள்ளி நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. கேரளக் கடற்கரையில் கருநாகப்பள்ளியின் மணலில் மோனசைட் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அங்கே இதே பயத்துக்குப் பதில் தேடத்தான் 1990-இல் பதிவேடு தொடங்கி, வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, பல்லாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வின்படி, அந்தக் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடவில்லை.

தலைவரோடு உட்கார்ந்து நோட்டைப் பார்த்தேன். நாக்கு, மார்பகம், வயிறு, கருப்பைவாய், கல்லீரல். ஒரே காரணத்தால் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரி நோயாகக் கூடும், இது பல நோய்களின் கலவை என்றேன். இரண்டு பேர் பிழைக்கத் திருப்பூர் போய்ப் பல வருடமாகிறது, ஊருக்குப் பிணமாகத்தான் வந்தார்கள் என்று அவரே சொன்னார். “சரிம்மா. அப்போ எங்க ஊர் ஜனத்தொகைக்கு எத்தனை பேர் வரணும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு பேச்சுக்கு லட்சத்துக்கு ஆண்டுக்கு நூறு என்று வைத்தால் நாலாயிரம் பேருக்கு வருடத்தில் நாலு.

ஆனால் அவருடைய ஊரில் நாலாயிரம் பேர் இருக்கிறார்களா? என் கையில் இருந்தது 2011 கணக்கெடுப்பின் பட்டியல், அதில் மூவாயிரத்துச் சொச்சம். தொழிற்சாலை வந்தது அதற்குப் பிறகு. வடமாநிலத் தொழிலாளர்கள் குடிவந்ததும் அதற்குப் பிறகு. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் 2011-க்குப் பிறகு நாங்கள் போடும் விகிதத்தின் கீழே இருப்பது ஊகித்த தொகைதான். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஊர்வாரிப் பட்டியல் வெளிவந்ததும் 2012 தொட்டு ஒவ்வோர் ஆண்டையும் திரும்ப வகுத்துப் பார்ப்பார்கள். சில ஊர்களில் கூடியதாகத் தெரிந்தது காணாமல் போகும், சில ஊர்களில் புதிதாகத் தென்படும். தலைவருக்கு அன்று மாவட்ட அட்டவணையை நகலெடுத்துக் கொடுத்தேன். நோட்டில் இருந்த ஒன்பது பேரில் எங்கள் பதிவில் இல்லாத ஒருவர் இருந்தார். அவர் எந்த மருத்துவமனையில் பார்த்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.